உள்துறைச் செயலரின் மேசையில் ஒரு கையெழுத்து

"போன்ல வேணாம், நேர்ல பேசிக்கலாம்." பொதுவாழ்வில் கொஞ்சமாவது கால் வைத்தவர்கள் இந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள், அல்லது கேட்டிருப்பார்கள். மாவட்டச் செய்தியாளர் சொல்கிறார். வழக்கறிஞர் சொல்கிறார். கட்சியின் ஒன்றியச் செயலாளர் சொல்கிறார். தகவல் உரிமை மனு போடுகிற ஓய்வுபெற்ற ஆசிரியர்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறார். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் "வாட்ஸ்அப் கால்ல வாங்க" என்பார்கள்.

இவர்களில் பெரும்பாலானவர்களின் போனை யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேட்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள அவர்களுக்கு வழி கிடையாது. ஒருவேளை கேட்டிருந்தால், அது முடிந்து பத்து வருடம் கழிந்த பிறகும் அவர்களுக்கு யாரும் வந்து சொல்லப்போவதில்லை. அந்தத் தயக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

ஒட்டுக்கேட்பு என்றாலே நம் பேச்சு உடனே தொழில்நுட்பத்தின் பக்கம் போய்விடுகிறது. பெகாசஸ் உளவுச் செயலி, முகத்தை அடையாளம் காணும் கேமரா, செயற்கை நுண்ணறிவு என்று வரிசையாக வரும். எனக்கு இவற்றைவிட அடிப்படையாகப் படுவது ஒரு சாதாரணக் கேள்வி. "இந்த எண்ணைக் கேட்கலாம்" என்று கையெழுத்துப் போடுவது யார்? இந்தியாவில் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் முதல் இன்றைய சட்டம்வரை அந்தக் கையெழுத்து அரசு நிர்வாகத்தினுடையதுதான். கேட்பதற்கு முன்போ பின்போ நீதிபதி ஒருவர் அந்தக் கோப்பைப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பேச்சையே கேட்பது ஒன்று. பேச்சின் மேலுறையை மட்டும் பார்ப்பது இன்னொன்று. காவல் நிலைய மொழியில் இரண்டாவதற்கு 'சிடிஆர் எடுப்பது', அதாவது அழைப்பு விவரப் பதிவை எடுப்பது, என்று பெயர். தொலைத்தொடர்பு நிறுவனம் அனுப்புகிற சிடிஆர், பார்க்க ஒரு சாதாரண எக்செல் தாள். அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தேதி, நேரம், எத்தனை விநாடி, கைபேசிக் கருவியை அடையாளம் காட்டும் ஐஎம்இஐ எண், பேச்சு தொடங்கும்போது எந்த டவர், முடியும்போது எந்த டவர். பேசிய பேச்சில் ஒரு சொல்கூட அதில் இருக்காது. இருக்கவும் தேவையில்லை. மணல் கொள்ளை பற்றிய செய்தி ஒன்று வெள்ளிக்கிழமை காலை வெளியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் இரவு செய்தியாளரின் எண்ணிலிருந்து தாலுகா அலுவலக ஊழியர் ஒருவருக்கு மூன்று அழைப்புகள் போயிருக்கின்றன. முந்தைய ஞாயிறு மாலை இருவரது எண்களும் ஒரே டவரில் பதிவாகியிருக்கின்றன. அவ்வளவுதான், செய்தி கொடுத்தவர் யார் என்பது இரண்டு வரியில் தெரிந்துவிடும். இதற்கு உள்துறைச் செயலர்வரை போக வேண்டியதில்லை. காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரியின் ஒப்புதல் போதும். 2021 டிசம்பரில் உரிம விதிகளைத் திருத்தி, நிறுவனங்கள் இந்தப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன் அது ஓர் ஆண்டு.

பேச்சைக் கேட்பதற்குத்தான் மேலே கையெழுத்து வேண்டும். தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு இரண்டு வாசல்களை வைத்திருந்தது. முதலில், பொது நெருக்கடி இருக்க வேண்டும், அல்லது பொதுப் பாதுகாப்பு அதைக் கோர வேண்டும். அந்த வாசலைத் தாண்டிய பிறகு, நாட்டின் இறையாண்மை, அரசின் பாதுகாப்பு, வெளிநாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுவதைத் தடுத்தல் ஆகியவற்றில் ஒரு காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். காகிதத்தில் கறாரான ஏற்பாடுதான்.

நடைமுறை எப்படி இருந்தது? 1988 ஆகஸ்டில் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே, ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் பதவி விலகினார். 1990 வாக்கில் தன் போனும் வேறு அரசியல்வாதிகளின் போன்களும் கேட்கப்படுவதாக, பிறகு பிரதமரான சந்திரசேகர் குற்றம்சாட்டினார். மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. அந்த அறிக்கையின் விவரங்கள் 1991 மார்ச்சில் 'மெயின்ஸ்ட்ரீம்' இதழில் வந்தன. அனுமதித்த காலத்தைத் தாண்டிக் கேட்கப்பட்டவை 133. அரசின் அனுமதி பெறாமலே 180 நாளுக்கு மேல் கேட்கப்பட்டவை 111. சில எண்கள் கேட்கப்பட்டிருந்தன, ஆனால் அவற்றுக்கான அனுமதிக் கடிதமே கிடைக்கவில்லை. பதிவேடுகளும் ஒழுங்காக இல்லை. இதை வைத்து மக்கள் சிவில் உரிமைக் கழகம், அதாவது பியூசிஎல், உச்ச நீதிமன்றம் போனது. ராஜிந்தர் சச்சார் வாதாடினார்.

1996 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு பல வகையில் பெரிய தீர்ப்பு. போனில் பேசுவது அந்தரங்கத்தின் பகுதி என்றது. ஆணைக்கு இரண்டு மாத ஆயுள், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதம் என்றது. ஆனால் முன்கூட்டியே நீதித்துறையின் பரிசீலனை வேண்டும் என்ற மனுதாரரின் கோரிக்கையை ஏற்கவில்லை. சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லாதபோது நாங்கள் அதைக் கட்டாயமாக்க முடியாது என்றார்கள் நீதிபதிகள். அதற்குப் பதிலாக, மத்தியில் உள்துறைச் செயலரும் மாநிலங்களில் மாநில உள்துறைச் செயலரும் ஆணையிட வேண்டும், அதை ஒரு குழு மறுஆய்வு செய்ய வேண்டும் என்று வழிகாட்டினார்கள். தந்தி விதிகளில் 2007இல் இன்னும் விரிவாக எழுதப்பட்ட 419ஏ விதி இதை அப்படியே பின்பற்றியது. மத்திய மறுஆய்வுக் குழுவில் இருப்பவர்கள் அமைச்சரவைச் செயலர், சட்டத் துறைச் செயலர், தொலைத்தொடர்புத் துறைச் செயலர். மாநிலத்தில் தலைமைச் செயலர் தலைமையில் செயலர்கள். ஒரு செயலர் போட்ட கையெழுத்தை மூன்று செயலர்கள் சரிபார்க்கிறார்கள். நிர்வாகத்தின் வேலையை நிர்வாகமே சரிபார்ப்பதை மறுஆய்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஏற்பாட்டின் எடையை ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். பத்தாண்டுக்கு முன்பு, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்கு வந்த பதிலின்படி, மத்திய அரசு மட்டும் மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு ஆணைகளைப் பிறப்பித்துக்கொண்டிருந்தது. குறைந்த எண்ணிக்கையையே எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 250 ஆணைகள். உள்துறைச் செயலர் ஞாயிறு, தீபாவளி பாராமல், வேறு எந்த வேலையும் செய்யாமல், தினம் எட்டு மணி நேரம் இதற்கென்றே உட்கார்ந்தாலும் ஒரு கோப்புக்கு இரண்டு நிமிடம் தேறாது. மறுஆய்வுக் குழுவின் நிலைமை இன்னும் மோசம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிற அந்தக் குழுவின் முன் ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகள் இருக்கும் என்றும், அது நடைமுறைக்கு ஒவ்வாத சுமை என்றும் 2018இல் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு எழுதியது. தரவுப் பாதுகாப்பு பற்றி ஆராய அரசே அமைத்த குழு அது.

முன்பெல்லாம் தடையாக இன்னொரு சிறிய ஆளாவது இருந்தார். ஆணை, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பொறுப்பு அதிகாரிக்குப் போகும். அவர் தாளை வாங்கிப் பார்ப்பார், தேதியைச் சரிபார்ப்பார், பிறகு இணைப்பைத் திருப்பிவிடுவார். போலி ஆணையோ காலாவதியான ஆணையோ வந்தால் சிக்குகிற இடம் அதுதான். மையக் கண்காணிப்பு அமைப்பு என்ற பெயரில் அரசின் சி-டாட் நிறுவனம் உருவாக்கிய ஏற்பாட்டின் நோக்கமே அந்த மனிதத் தலையீட்டை எடுத்துவிட்டு, விசாரணை அமைப்புகள் நேரடியாக எண்ணைத் தொட வழி செய்வது. நிறுவன ஊழியர் வழியாக ரகசியம் கசியாது என்பது அரசு சொல்லும் காரணம். காரணம் நியாயமாகவே இருக்கட்டும். வெளியாளின் ஒரு ஜோடிக் கண் போய்விட்டது என்பதும் உண்மை.

இணையத்தை நிறுத்துகிற ஆணையும் இதே மேசையில்தான் கையெழுத்தாகிறது. 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தபோது, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய நாட்களில் மூன்று மாவட்டங்களின் வாயும் காதும் ஒரே ஆணையில் அடைபட்டன.

இனி இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் இடத்துக்கு வருகிறேன். 2008 நவம்பர் 26இல் மும்பைத் தாக்குதல் நடந்தது. தாக்குதல்காரர்கள் தாஜ் ஓட்டலிலும் நாரிமன் இல்லத்திலும் இருந்தபடி பாகிஸ்தானிலிருந்த தங்கள் தலைவர்களுடன் பேசியதை இந்திய அமைப்புகள் அப்போதே கேட்டுப் பதிவு செய்தன. சதியின் வேர் எங்கே என்று காட்டிய வலுவான சாட்சியம் அது. ஒட்டுக்கேட்பே கூடாது என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். என் நிலைப்பாடு அதுவல்ல. ஆனால் அடுத்த மாதமே நாடாளுமன்றத்தில் அமளிக்கு நடுவே விவாதமின்றி நிறைவேறிய தகவல் தொழில்நுட்பத் திருத்தச் சட்டம், பயங்கரவாதத்தோடு நிற்கவில்லை. அதன் 69ஆம் பிரிவு, கணினி வழியாகப் போகும் எதையும் கேட்க, பார்க்க, குறியாக்கத்தை உடைக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் தந்தது. பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்ற முதல் வாசல் அதில் இல்லை. 'எந்தவொரு குற்றத்தையும் புலனாய்வு செய்வதற்காக' என்ற புதிய காரணமும் சேர்ந்தது. உதவ மறுக்கும் பொறுப்பாளருக்கு ஏழு ஆண்டுவரை சிறை. 2018 டிசம்பர் 20 அன்று உளவுத் துறை, அமலாக்கத் துறை, நேரடி வரிகள் வாரியம், டெல்லி காவல் ஆணையர் உட்பட பத்து அமைப்புகளுக்கு இந்த அதிகாரத்தை உள்துறை அமைச்சகம் பகிர்ந்தளித்தது.

அந்த முதல் வாசல் எவ்வளவு முக்கியமானது என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2011 ஆகஸ்டில் கல்வி நிறுவனம் ஒன்றின் நிர்வாக இயக்குநரின் போனைக் கேட்க மத்திய உள்துறை ஆணையிட்டது. வருமான வரி அதிகாரிக்கு 50 லட்சம் ரூபாய் லஞ்சம் தந்ததாக அவர்மீது பிறகு வழக்கு வந்தது. அந்த ஆணையை எதிர்த்து அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2025 ஜூலை 2 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஆணையை ரத்து செய்தார். பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ சாதாரண மனிதர் கண்ணுக்கும் தெரியக்கூடிய நிலைமையாக இருக்க வேண்டும். ரகசியமாக ஒரு குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்கு அந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்றார். கேட்டுப் பதிவு செய்த பேச்சு மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவே இல்லை என்பதையும் தீர்ப்பு சுட்டியது. விதியில் எழுதியிருந்த ஒரே சரிபார்ப்பும் அங்கே நடக்கவில்லை.

அதற்குச் சில நாள் முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம், ஊழல் வழக்கு ஒன்றில் நேர் எதிராக, பெரிய ஊழல் பொதுப் பாதுகாப்பைப் பாதிப்பதாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒட்டுக்கேட்பு ஆணையை ஏற்றிருந்தது. இந்த முரண்பாடு ஒருபுறம் இருக்கட்டும். என் கவலை வேறு. சென்னை வழக்கில் அவரைக் காப்பாற்றியது 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம். அதே ஆள் அதே விஷயத்தை மின்னஞ்சலில் எழுதி, அதை 69ஆம் பிரிவின் கீழ் எடுத்திருந்தால் அந்த வாதமே எழுந்திருக்காது. வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில் குடிமகனுக்கு இருந்த ஒரு பிடி, 2008இல் நம் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தில் இல்லை.

இப்போது வாட்ஸ்அப் விஷயம். 2016 முதல் அதில் இரு முனைக் குறியாக்கம் இருக்கிறது. உங்கள் கைபேசியில் பூட்டப்படும் செய்தி, பெறுபவரின் கைபேசியில்தான் திறக்கும். நடுவில் கம்பியைப் பிடித்துக் கேட்டால் புரியாத எழுத்துக் குவியல்தான் வரும். உள்துறைச் செயலர் கையெழுத்துப் போட்டாலும் கேட்க எதுவும் கிடைக்காது. ஆகவே அரசுகளுக்கு இரண்டு வழிகள்தான் மிஞ்சின: முனையையே கைப்பற்றுவது, அல்லது நிறுவனத்தின் கையை முறுக்குவது.

முதல் வழிதான் பெகாசஸ். இஸ்ரேலிய நிறுவனம் என்எஸ்ஓ உருவாக்கி, அரசுகளுக்கு மட்டுமே விற்பதாகச் சொல்லும் உளவுச் செயலி. கைபேசிக்குள் புகுந்துவிட்டால் பூட்டுவதற்கு முன்பே செய்தியைப் படித்துவிடும். மைக்கையும் கேமராவையும் இயக்கும். 2021 ஜூலையில் பல நாட்டு ஊடகங்கள் சேர்ந்து வெளியிட்ட தகவல்களில் இந்தியப் பத்திரிகையாளர்கள், எதிர்க்கட்சித் தலைவர்களின் எண்கள் இருந்தன. உச்ச நீதிமன்றம் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் தொழில்நுட்பக் குழுவை அமைத்தது. பரிசோதித்த 29 கைபேசிகளில் 5இல் ஏதோ தீய செயலி இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாக 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஒரு கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது இந்தியச் சட்டப்படி குற்றம். அரசு நுழையலாம் என்று வெளிப்படையாகச் சொல்லும் சட்டப் பிரிவு கிடையாது. இங்கே கையெழுத்து யாருடையது என்ற கேள்விக்குப் பதிலே இல்லாமல் போய்விட்டது.

இரண்டாவது வழிக்குச் சென்னையோடு தொடர்பு உண்டு. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கேட்டு 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்ட மனு, வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக வளர்ந்தது. முடியும் என்றார் சென்னை ஐஐடியின் பேராசிரியர் வி. காமகோடி. ஒவ்வொரு செய்தியோடும் அதை முதலில் எழுதியவரின் அடையாளத்தையும் சேர்த்து அனுப்பலாம் என்பது அவர் யோசனை. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், முதலில் அனுப்பியவரைக் காட்டும் கடமையைப் பெரிய செய்திப் பரிமாற்றச் செயலிகள்மீது சுமத்தின. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. குறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டுப் போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் சொன்னார். யார் அனுப்பியது என்று காட்டச் சொல்லி ஆணையிடக்கூடியவர் யார் என்று விதியைப் பார்த்தால், நீதிமன்றம் அல்லது 69ஆம் பிரிவின் கீழ் அதிகாரம் பெற்றவர் என்று இருக்கிறது. சுற்றிச் சுற்றி அதே மேசை.

நீதிபதியைச் சேர்ப்பது இந்தியாவுக்கு ஒத்துவராது என்று சொல்வதற்கும் இல்லை. ஏனெனில் உச்ச நீதிமன்றமே ஒருமுறை அதைச் சொல்லிவிட்டது. 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அந்த அடித்தளத்தில் 2018 செப்டம்பர் 26இல் வந்த ஆதார் தீர்ப்பு, ஆதார் சட்டத்தின் 33(2) பிரிவை ரத்து செய்தது. தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி இணைச் செயலர் ஒருவர் ஆணையிட்டாலே ஆதார் தகவலைத் தரலாம் என்றிருந்த பிரிவு அது. இன்னும் உயர்ந்த அதிகாரி வேண்டும், கூடவே நீதித்துறையைச் சேர்ந்த ஒருவரும் வேண்டும், உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தால் நல்லது என்றது தீர்ப்பு. 2019இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. இணைச் செயலர் என்ற இடத்தில் செயலர் என்று போட்டார்கள். நீதிபதியைச் சேர்க்கவில்லை. தீர்ப்பில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட ஏமாற்றம் இன்னும் போகவில்லை.

நீதிபதி கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. அமெரிக்காவில் 1978 முதல் வெளிநாட்டு உளவு விவகாரங்களுக்குத் தனி ரகசிய நீதிமன்றம் இருக்கிறது. 2013 ஜூனில், அமெரிக்க உளவு அமைப்புக்காக வேலை செய்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட முதல் ஆவணமே, வெரைசான் தொலைத்தொடர்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகள் அனைத்தையும் தினமும் ஒப்படைக்க வேண்டும் என்று அந்த நீதிமன்றம் போட்ட ஆணைதான். அரசுத் தரப்பை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும் நீதிபதியின் பேனாவும் காலப்போக்கில் வழக்கத்துக்குப் பழகிவிடும். பிரிட்டன் 2016இல் அமைச்சர், நீதித்துறை ஆணையர் என இருவரும் ஒப்ப வேண்டும் என்ற இரட்டைப் பூட்டைக் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு.

ஆனால் எனக்கு அதிக வெளிச்சம் தந்தது தென்னாப்பிரிக்கா. அங்கே சாம் சோல் என்ற புலனாய்வுப் பத்திரிகையாளர் 2008இல் ஓர் அரசு வழக்கறிஞருடன் போனில் பேசியதன் எழுத்துப் பிரதி, பல ஆண்டுகள் கழித்து வேறொரு வழக்கின் ஆவணங்களோடு நீதிமன்றத்தில் இணைக்கப்பட்டு வந்தது. தன் போன் கேட்கப்பட்டது அவருக்கு உறுதியானது அப்படித்தான். அங்கே அனுமதி தருவது நீதிபதிதான். இருந்தும், 2021 பிப்ரவரி 4 அன்று அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம், கேட்டு முடித்த பிறகும் கேட்கப்பட்டவருக்குத் தெரிவிக்காத சட்டம் செல்லாது என்றது. புதுச் சட்டம் வரும்வரை, கண்காணிப்பு முடிந்த 90 நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், விசாரணைக்கு ஆபத்து என்றால் மட்டும் நீதிபதியின் அனுமதியோடு தள்ளிப்போடலாம் என்றும் உத்தரவிட்டது. அமெரிக்காவில் சாதாரணக் குற்ற வழக்குகளின் ஒட்டுக்கேட்புக்கு இதே போன்ற 90 நாள் கெடு 1968 முதலே இருக்கிறது.

இந்தியாவில் பழைய தந்திச் சட்டத்தின் இடத்துக்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்துவிட்டது. 2024 டிசம்பரில் புதிய ஒட்டுக்கேட்பு விதிகளும் வந்தன. எல்லாவற்றையும் புதிதாக எழுத வாய்த்த நேரம் அது. உள்துறைச் செயலர் அப்படியே இருக்கிறார், மறுஆய்வுக் குழு அப்படியே இருக்கிறது, பதிவுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அழிப்பது கேட்கப்பட்டவரின் அந்தரங்கத்துக்கு நல்லதுதான். ஆனால் அவருக்குத் தெரிவிக்காமலே அழிக்கும்போது, தவறு நடந்ததற்கான தடயமும் சேர்ந்தே அழிகிறது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு மருந்தாகும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. அதன் 17ஆம் பிரிவு, மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று விலக்கு தருகிறது.

சென்னை வழக்கில் வென்றவர்மீது குற்றப்பத்திரிகை வந்ததால்தான் அவருக்குத் தன் போன் கேட்கப்பட்டது தெரிந்தது. ஆணை போட்ட நாளிலிருந்து தீர்ப்புவரை 14 ஆண்டுகள். கேட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று கோப்பை மூடிவிட்டவர்களின் கதி என்ன? குற்றமற்றவர்கள் என்பதாலேயே அவர்களுக்கு எதுவும் தெரியவராது. எனவே நீதிபதியின் கையெழுத்தோடு சேர்த்து நான் கேட்பது ஒரு தபால். "உங்கள் இன்ன எண், இன்ன தேதி முதல் இன்ன தேதிவரை, இன்ன பிரிவின் கீழ் கேட்கப்பட்டது. ஆட்சேபம் இருந்தால் இன்ன நீதிமன்றத்தை அணுகலாம்." இந்த மூன்று வரி கையில் இருந்தால்தான் அவர் ஒரு வழக்கறிஞரின் வாசலுக்கே போக முடியும்.